நம் வீட்டுப் பெண் படிக்கப் போகும் படிப்பு

(தோல் ஷாப்பு, நூல் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய பாராட்டுக் கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது.)



மாலை போட்டாயிற்று, துண்டு போர்த்தியாயிற்று. எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் எல்லோரும் இந்தப் பெண்ணை மனமாரப் பாராட்டிவிட்டார்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி இறங்கிக் கால் வெந்துபோன ஒரு தகப்பனுக்கும், நடவும் களையும் எடுத்தே முதுகு வளைந்துபோன ஒரு தாய்க்கும் பிறந்த பெண், ஐந்து வருஷம் சட்டம் படித்துத் தேறி வந்திருக்கிறாள். இப்போது சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில், சுற்றுச்சூழல் சட்டம் என்ற பிரிவில் இரண்டு வருஷ மேல்பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சந்தோஷமான விஷயந்தான்.

ஆனால் நான் இங்கே வரும்போது டீக்கடையில் இரண்டு கேள்விகள் காதில் விழுந்தன. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் வெறுமனே கைதட்டிவிட்டுக் கலைந்து போனால் அது நேர்மையாகாது என்று எனக்குப் படுகிறது.

முதல் கேள்வி வயதான ஒரு தோழர் கேட்டது. "வக்கீல் ஆகிவிட்ட பெண் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் நாலு காசு சம்பாதிக்காமல், இன்னும் இரண்டு வருஷம் என்ன படிப்பு?" என்றார். இது வயிற்றிலிருந்து வருகிற கேள்வி. கேலி செய்யக்கூடாது.

இரண்டாவது கேள்விதான் என்னைச் சுட்டது. ஷாப்பில் வேலை செய்யும் ஒரு வாலிபர் கேட்டார்: "சுற்றுச்சூழல் சட்டம் என்றால் ஷாப்பை மூடுகிற சட்டம் அண்ணா! நம் வீட்டுப் பெண்ணே அதைப் படித்துவிட்டு வந்து நம் அடுப்பில் தண்ணீர் ஊற்றட்டும் என்றா மாலை போடுகிறீர்கள்?"

தோழர்களே, இங்கே பெஞ்சில் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் ஷாப்பிலும் மில்லிலும் வேலை செய்கிறவர்கள். அந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் வயலில் கூலி வேலை செய்கிறவர்கள். ஷாப்பு ஓடினால் இந்தப் பக்கத்து அடுப்பு எரிகிறது. ஷாப்புத் தண்ணீர் ஓடினால் அந்தப் பக்கத்து அடுப்பு அணைகிறது. ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே, இந்த இரண்டு அடுப்பும் இருக்கின்றன. இந்தப் பெண்ணின் வீடே அப்படிப்பட்ட வீடுதான். தகப்பன் குழியில் நின்றான். அவன் குழியிலிருந்து வெளியேறிய தண்ணீர், தாய் களையெடுத்த வயலில் போய் நின்றது. இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

முதலில், இந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். நான் பத்தாவது தேறியவன். அதற்கு மேல் படிக்கவில்லை. ஆகவே எனக்குப் புரிந்த மாதிரிதான் சொல்ல முடியும். தவறு இருந்தால் வக்கீல் அம்மாள் மேடையிலேயே இருக்கிறாள், திருத்தட்டும்.

நம் நாட்டில் தண்ணீரைக் கெடுப்பதைத் தடுக்க 1974-ல் ஒரு சட்டம் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் பிறந்தன. 1976-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, சுற்றுச்சூழலைக் காப்பது சர்க்காரின் பொறுப்பு என்று ஒரு ஷரத்தும், ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று இன்னொரு ஷரத்தும் சேர்த்தார்கள். 1981-ல் காற்றுக்கு ஒரு சட்டம். பிறகு 1984 டிசம்பரில் போபால். ராத்திரியோடு ராத்திரியாக யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து வெளியேறிய விஷ வாயு, குடிசைகளில் தூங்கிக் கொண்டிருந்தவர்களைக் கொன்றது. அந்தப் பிணங்களைப் பார்த்த பிறகுதான் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒரு பெரிய சட்டம் கொண்டுவந்தார்கள். 2010-ல் பசுமை டிரிப்யூனல் சட்டம் வந்தது. அதன் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

இந்தச் சட்டங்களின் வரிகளை மனப்பாடம் செய்வதற்கு பி.எல். போதும். அந்தப் படிப்பிலேயே சுற்றுச்சூழல் சட்டம் ஒரு கட்டாயப் பாடம். மேல்பட்டத்தில் வேறு வேலை. சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ரசாயனத்தையும் கணக்கையும் வக்கீல் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தால் அது குடிக்க ஆகாது, எத்தனை இருந்தால் பயிருக்கு ஆகாது, அதை யார் எப்போது எந்தக் குழாயிலிருந்து எடுத்து அளந்தார்கள் - இது தெரியாத வக்கீல், முதலாளியின் நிபுணர் காட்டும் தாளுக்கு முன்னால் ஊமையாக நிற்பார். டிரிப்யூனலிலேயே பாருங்கள், ஜட்ஜுகளோடு விஞ்ஞான நிபுணர்களும் சரிசமமாக உட்கார்ந்து வழக்குக் கேட்கிறார்கள். அங்கே வெறும் வாய்ச்சொல் எடுபடாது. கடைசியில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுரையைப் பற்றி எனக்கு ஒரு ஆசை உண்டு, பிறகு சொல்கிறேன்.

இப்போது நம் பாலாற்றுக்கு வருவோம்.

நம் பெரியவர்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் உண்டு. அப்போதும் நாற்றம் இருந்தது, உப்பு இருந்தது. ஆனால் 1970-களில் பதனிட்ட தோலை முழுச் சரக்காக்கி அயல்நாட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு வந்து, குரோம் முறை பெருகிய பிறகு, ரசாயனம் மூட்டை மூட்டையாக உள்ளே வந்தது. ஷூவும் கைப்பையும் கப்பல் ஏறின. குரோமும் உப்பும் இங்கேயே தங்கின. வேலூர்ப் பக்கத்துக் குடிமக்கள் நல மன்றம் ஒன்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தமிழ்நாட்டில் ஐந்து ஜில்லாக்களில் 900-க்கு மேற்பட்ட தோல் ஷாப்புகள் என்று கணக்கு. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர். சுமார் 170 வகை ரசாயனங்கள். ஷாப்புகள் நிறைந்த பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுக்கவோ பாதியோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் சொன்னது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்தார்கள். அவற்றில் 350 கிணறுகள் கெட்டுப் போயிருந்தன. இவ்வளவும் தீர்ப்பிலேயே இருக்கிறது, நான் மேடைக்காகச் சொல்வதல்ல.

1996 ஆகஸ்ட் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. நான் பத்தாவது எழுதிய வருஷம் அது. இந்தப் பெண் அப்போது பிறக்கவே இல்லை. அந்தத் தீர்ப்பில் மூன்று விஷயங்கள் நமக்கு முக்கியம். கெடுத்தவன்தான் பணம் கொடுக்க வேண்டும். நிலத்தையும் தண்ணீரையும் பழையபடி ஆக்குகிற செலவும் அவன் தலையில். கெடுதல் வரும் என்று விஞ்ஞானம் முழுசாக நிரூபிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே தடுக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய விஷயம்: "உன் ஷாப்பால் என் கிணறு கெட்டது" என்று ஏழை நிரூபிக்க வேண்டியதில்லை, "என் ஷாப்பால் கெடுதல் இல்லை" என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். பாரம் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாறியது. நாட்டில் எந்த மூலையில் இந்த வழக்குகள் நடந்தாலும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள். நம் பாலாற்றங்கரைக் கிணறுகள் இந்திய நாட்டுக்குச் சட்டம் கற்றுக் கொடுத்தன!

சரி, கிணற்றுக்கு என்ன கிடைத்தது?

நஷ்டத்தைக் கணக்கிட ஒரு அதிகார மன்றம் வைத்தார்கள். அது 2001-ல் கணக்குச் சொன்னது: பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், கொடுக்க வேண்டிய தொகை சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், பத்தாயிரம் ரூபாய்க்குக்கூடக் கொஞ்சம் குறைவு. ஒரு தலைமுறையின் கிணற்றுக்கு அந்த விலை. அதையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? வழக்கு மேலும் கீழும் போய், 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. நஷ்டஈட்டைச் சர்க்கார் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு கெடுத்தவர்களிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று சொன்னது. 1991-ல் மனு, 2025-ல் "பணத்தைக் கொடு" என்ற உத்தரவு. 34 வருஷம்!

இதைக் கேட்டுச் சிலர் "அப்படியானால் சட்டம் வீண்தானே?" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கூலி உயர்வு ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே முதலாளி பணத்தை எண்ணி வைத்துவிடுகிறாரா? ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க ஆள் வேண்டும். தீர்ப்புக்கும் அதே கதிதான். 34 வருஷமும் வாசலில் நிற்கிற ஆள், ஒவ்வொரு தாளையும் படிக்கத் தெரிந்த ஆள், நம் பக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விரல் விட்டு எண்ணலாம்.

இப்போது அந்த வாலிபத் தோழரின் கேள்விக்கு வருகிறேன். ஷாப்பை மூடுகிற சட்டமா?

ஆம், மூடியிருக்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை ஐக்கோர்ட்டு, திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. நொய்யலில் சாயத் தண்ணீரை விட்டு விட்டு, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயத் தொட்டியாக்கியிருந்தார்கள். 1992-ல் திறந்த அணை அது. விவசாயிகள் வழக்குப் போட்டு வருஷக் கணக்கில் அலைந்தார்கள். பட்டறைக்காரர்கள் தவணை மேல் தவணை வாங்கினார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் கொடுத்த கெடுவும் தாண்டியது. கடைசியில் பூட்டு விழுந்தது. பூட்டு யார் வயிற்றில் விழுந்தது? பட்டறைக்காரருக்கு வங்கியில் பணம் இருந்தது. தினக்கூலிக்காரன் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறினான்.

டில்லியில் 1996 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு 168 ஆலைகளை நகரத்துக்குள் ஓடக்கூடாது என்று நிறுத்தியது. ஆலையை வெளியே கொண்டு போகாமல் இழுத்து மூடிவிடுகிற முதலாளி, தொழிலாளிக்கு ஒரு வருஷச் சம்பளத்தைக் கூடுதல் நஷ்டஈடாகக் கொடுத்தால் போதும் என்றது முதல் உத்தரவு. தொழிலாளர்கள் விடவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் அது ஆறு வருஷச் சம்பளம் என்று மாறியது. ஒன்று ஆறானதற்குக் காரணம், அந்த வழக்கில் தொழிலாளர் பக்கத்துப் பேச்சும் கோர்ட்டின் காதில் விழுந்ததுதான். ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லாத கேஷுவல் தொழிலாளிக்கு எந்த வருஷக் கணக்கு? அவனுக்கு ஒன்றும் ஆறும் ஒன்றுதான்.

இன்னொரு தீர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை நான் முதன்முதலில் கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். கான்பூரில் கங்கைக் கரைத் தோல் ஷாப்புகள் மேல் நடந்த வழக்கில் 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. "எங்களுக்குச் சக்தி இல்லை, சுத்திகரிப்பு நிலையம் கட்டப் பணம் இல்லை" என்று ஷாப்புக்காரர்கள் அழுதார்கள். அதற்கு ஜஸ்டிஸ் வெங்கடராமய்யா சொன்னதன் கருத்து இது: குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழிலை நடத்த எப்படி அனுமதிக்க முடியாதோ, அப்படியே ஆரம்பச் சுத்திகரிப்பு நிலையம்கூடக் கட்ட முடியாத தோல் ஷாப்பையும் நடத்த அனுமதிக்க முடியாது.

பார்த்தீர்களா தோழர்களே! அந்த ஜட்ஜ் கழிவுத் தண்ணீரை எதோடு ஒப்பிடுகிறார்? உங்கள் கூலியோடு! கூலியைத் திருடி லாபம் சம்பாதிப்பதும், தண்ணீரைக் கெடுத்து லாபம் சம்பாதிப்பதும் ஒரே கணக்கு ஏட்டில் ஒரே பக்கத்தில் எழுதுகிற வரவு. சுத்திகரிப்புக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணம் உங்கள் சம்பளத்தில் வந்து சேர்ந்ததா? போனஸில் சேர்ந்ததா? இல்லை. பிறகு ஏன் அந்த மிச்சத்தைக் காப்பாற்ற நீங்கள் பேச வேண்டும்? "ஷாப்பை மூடாதே" என்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். ஆனால் "சுத்திகரிப்பு நிலையம் கட்டு, அதுவரை எங்கள் சம்பளத்தைக் கொடு" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொன்னால் அது முதலாளியின் கோஷமாகிவிடும்.

ஆனால், இந்தச் சட்டத்திலேயே நமக்கு எதிராக ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பசுமை டிரிப்யூனல் சட்டத்தில் 17-வது ஷரத்து இருக்கிறது. விபத்தால் யாருக்காவது சாவோ காயமோ நேர்ந்தால், ஆலைக்காரன் மேல் குற்றம் இருக்கிறதா என்று பார்க்காமலே நஷ்டஈடு வாங்கலாம் என்கிறது. நல்ல ஷரத்து. ஆனால் "எந்த நபருக்கும்" என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே அடைப்புக்குள் நாலு வார்த்தை போட்டிருக்கிறார்கள்: தொழிலாளி நீங்கலாக! 1991-ல் வந்த பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சட்டத்திலும் அதே வார்த்தைகள். அதாவது விஷ வாயு சுவரைத் தாண்டி வெளியே போய் ஒருவரைக் கொன்றால் அது சுற்றுச்சூழல். சுவருக்கு உள்ளே அதே வாயு ஒருவனைக் கொன்றால் அது வேலை விபத்து. அவனுக்கு 1923 முதல் இருந்துவந்த தொழிலாளர் நஷ்டஈட்டு வழி. அந்தப் பழைய சட்டத்தையும் பாக்டரிச் சட்டத்தையும் இப்போது புதிய தொகுப்புகளுக்குள் கரைத்துவிட்டார்கள், அது தனிக் கதை. சில வெடி விபத்து வழக்குகளில் டிரிப்யூனலே முன்வந்து தொழிலாளர் குடும்பங்களுக்கும் நஷ்டஈடு போட்டதுண்டு. ஆனால் ஷரத்தில் சுவர் சுவராகவே நிற்கிறது.

காற்றுக்குச் சுவர் தெரியுமா? 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு தேக்கி வைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஷாப்பில் ராத்திரி படுத்திருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றுவதற்கென்று கட்டிய நிலையம் அது. ஆற்றுக்குப் போக வேண்டாம் என்று தடுத்து வைத்த விஷம் ஆள் மேல் விழுந்தது. அந்தப் பத்துப் பேர் சுற்றுச்சூழலில் சேர்த்தியா, வேலை விபத்தில் சேர்த்தியா? சட்டப் புத்தகத்தில் இரண்டுக்கும் இரண்டு அத்தியாயம். குழியில் ஒரே சேறுதான்.

வயல் பக்கத்துத் தாய்மார்களுக்கும் ஒரு சுவர் இருக்கிறது. நஷ்டஈடு என்றால் பட்டாவைக் கேட்பார்கள், சர்வே நம்பரைக் கேட்பார்கள். நிலம் கெட்டுப்போனால் நிலக்காரருக்குத் தொகை. அந்த நிலத்தில் வருஷத்துக்கு இத்தனை நாள் நடவு, இத்தனை நாள் களை, இத்தனை நாள் அறுப்பு என்று கூலி வாங்கிய பெண்ணுக்கு? அவள் இழந்த நாட்களுக்கு எந்த ஆபீசிலும் சர்வே நம்பர் கிடையாது. ஆனால் ஒரு கதவு இருக்கிறது. டிரிப்யூனல் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், எந்தெந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம் என்ற பட்டியலில், வேலை இழப்பு என்றும் ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நிலமில்லாத கூலிக்காரியின் இழந்த நாட்களை எப்படிக் கணக்கெடுப்பது, எதைச் சாட்சியமாகக் காட்டுவது என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். கட்டுரையைப் பற்றி ஒரு ஆசை என்று சொன்னேனே, அது இதுதான். அம்மா, நீ எதை வேண்டுமானாலும் எழுது, உன் வாத்தியார்கள் சொல்வதைக் கேள். ஆனால் உன் அம்மாவின் இழந்த நாட்களை எழுத முடியுமா என்று ஒரு தரம் யோசித்துப் பார்.

சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். டிரிப்யூனலில் நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். நஷ்டஈடு கேட்டால் கேட்கிற தொகையில் நூற்றுக்கு ஒன்று. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நஷ்டஈட்டு மனுவுக்குக் கட்டணம் இல்லை. நஷ்டஈட்டுக்கு ஐந்து வருஷக் கெடு. மற்றத் தகராறுகளுக்கு ஆறு மாதம்தான். ஆறு மாதம்! ஊர்க் கூட்டம் போட்டு, பெரியவர்களைக் கலந்து, தாசில்தாரைப் பார்த்து, கலெக்டர் மனு நாளில் இரண்டு தரம் நின்று திரும்பும்போது அந்த ஆறு மாதம் ஓடிப்போயிருக்கும். கெடு தவறிப்போன நியாயத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் இந்த இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஆலை விஸ்தரிப்புக்காகப் பொது விசாரணை நடந்தது. ஊரையும் பேரையும் விட்டுவிடுங்கள். ஆலைக்காரர் கொடுத்த அறிக்கை தலையணை உயரம், முழுக்க இங்கிலீஷ். தமிழில் பத்துப் பன்னிரண்டு பக்கச் சுருக்கம் மட்டும். நான் அந்தச் சுருக்கத்தைப் படித்துக்கொண்டு போய், சாமியானாவுக்குக் கீழே அரை மணி நேரம் கர்ஜித்தேன். நல்ல கைதட்டல். பேசி முடித்ததும் கோஷம் போட்டுக்கொண்டு எல்லோரும் வெளியேறிவிட்டோம். பெரிய வெற்றி என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்தால், கிராமத்தார் வேலைவாய்ப்பை வரவேற்றதாகவும், சிலர் தண்ணீர் பற்றிச் சந்தேகம் கேட்டதாகவும், விளக்கம் அளிக்கப்பட்டதாகவும் இருந்தது. என் அரை மணி நேர கர்ஜனை "சிலர்" என்ற ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. அப்புறம் எங்களுக்காக ஒரு வக்கீலைப் பிடித்தபோது அவர் கேட்டார்: "குறிப்பை அங்கேயே தமிழில் படித்துக் காட்டினார்களா? 2006-ம் வருஷத்து அறிவிக்கையில் அப்படி விதி இருக்கிறதே. கூட்டம் முடியுமுன், சொன்ன கருத்தையெல்லாம் எழுதி, வந்திருப்பவர்களுக்கு அவர்கள் பாஷையில் படித்துக் காட்ட வேண்டுமே!" படித்துக் காட்டும்போது நாங்கள் அங்கே இருந்தால்தானே? நாங்கள் டீக்கடையில் இருந்தோம். ஒரு விதியைத் தெரியாததால் ஒரு ஊர் தோற்றது. அன்றைக்கு இந்தப் பெண்ணைப் போல ஒருத்தி எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால், சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணா, போகாதே, உட்கார்" என்று சொல்லியிருப்பாள். அதற்கு இரண்டு வருஷப் படிப்பு தேவையா என்று கேட்டால், தேவை என்றுதான் சொல்வேன். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை இப்போது மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

பாஷை விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தப் பொது விசாரணை விதிகளையே மாற்றி எழுத 2020-ல் ஒரு நகல் கொண்டுவந்தார்கள். அதை இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் போட்டார்கள். டில்லி ஐக்கோர்ட்டில் வழக்காயிற்று. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 பாஷைகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. யாரோ ஒருவர் கேட்டதால்தான் வந்தது.

கெட்ட செய்தியும் இருக்கிறது. 1986-ம் வருஷத்துச் சட்டத்தில், மீறுகிறவனுக்கு ஐந்து வருஷம் வரை சிறை என்று இருந்தது. எத்தனை முதலாளிகள் உள்ளே போனார்கள் என்று கேட்காதீர்கள். ஆனாலும் ஏட்டில் இருந்தது. முதலாளிக்கு அடிவயிற்றில் ஒரு மூலையில் பயமாவது இருந்தது. 2023-ல் ஜன் விசுவாஸ் என்று, அதாவது மக்கள் நம்பிக்கை என்று, ஒரு சட்டம் கொண்டுவந்து அந்தச் சிறையை எடுத்துவிட்டார்கள். இப்போது பத்தாயிரம் ரூபாயிலிருந்து பதினைந்து லட்சம் வரை அபராதம், அதையும் ஒரு அதிகாரி விதிப்பார். அபராதத்தைக் கட்டாமல் ஏமாற்றினால்தான் சிறைப் பேச்சு. கோடிக் கணக்கில் ஏற்றுமதி செய்கிறவனுக்குப் பதினைந்து லட்சம் என்பது சுத்திகரிப்பு நிலையத்தின் ஒரு மாதக் கரண்டுக்கும் ரசாயனத்துக்கும் போதுமோ என்னவோ. அவன் கணக்குப் போடத் தெரிந்தவன். நிலையத்தை ஓட்டுவது லாபமா, அபராதம் கட்டுவது லாபமா என்று பார்த்துக்கொள்வான். மக்கள் நம்பிக்கை என்று பேர் வைத்தார்களே, எந்த மக்களுடைய நம்பிக்கை என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகவே, அந்த வயதான தோழருக்கு என் பதில் இது. பெரியவரே, கறுப்புக் கோட்டு இந்தப் பெண்ணிடம் இருக்கிறது, எங்கும் போய்விடாது. ஜில்லாக் கோர்ட்டில் ஜாமீன் மனுவுக்கும் பாகப்பிரிவினைக்கும் வக்கீல்கள் நிறைய இருக்கிறார்கள். தண்ணீர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, "இந்த மாதிரியை எந்தக் குழாயில் எடுத்தீர்கள், ராத்திரி எடுத்தீர்களா பகலில் எடுத்தீர்களா?" என்று கேட்கத் தெரிந்த, உங்கள் தெருவில் பிறந்த வக்கீல் எத்தனை பேர்? இரண்டு வருஷம் பொறுக்கலாம்.

அந்த வாலிபத் தோழருக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஷாப்பு மூடாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. இந்தப் பெண்ணாலும் முடியாது. ஆனால் மூடுகிற உத்தரவு எழுதப்படும் அந்த அறையில், "மூடுகிற நாள் முதல் கூலி யார் கொடுப்பது, பதிவேட்டில் இல்லாதவனுக்கு யார் கொடுப்பது?" என்று கேட்க நம் பக்கத்திலிருந்து ஒருத்தி இருப்பாள். இதுவரை அந்த அறையில் முதலாளியின் வக்கீல் இருந்தார், சர்க்கார் வக்கீல் இருந்தார், நல்ல மனசுள்ள பட்டணத்து வக்கீல்களும் இருந்தார்கள். சுண்ணாம்புக் குழியில் நின்றவன் வீட்டிலிருந்து ஒருவரும் இல்லை.

கடைசியாக ஒரு காரியம். படிப்புச் செலவில் கல்லூரிக் கட்டணத்துக்கு அவள் தகப்பன் ஷாப்பில் முன்பணம் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். யோசித்துப் பாருங்கள்: எந்த ஷாப்புத் தண்ணீரை நாளைக்கு அவள் அளக்கப் போகிறாளோ அதே ஷாப்பில் கடன்! அது வேண்டாம் என்று நேற்றே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை முறைத்துப் பார்த்து, "அப்படியானால் நீங்கள் கொடுப்பீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. முழுநேர ஊழியனிடம் என்ன இருக்கும்? ஆகவே உங்களிடம் வந்திருக்கிறேன். மில் பிரிவுத் தோழர்கள் ஒரு நாள் சம்பளம் தருவதாகப் பேசி முடித்துவிட்டார்கள். ஷாப்புத் தோழர்கள் இன்னும் பேசவில்லை. அந்தக் கேள்வி கேட்ட வாலிபரே நோட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்கும். வயல் பக்கத்துத் தாய்மார்கள் பணம் தர வேண்டாம். கேழ்வரகோ அரிசியோ ஆளுக்கு ஒரு படி போதும், விடுதிக்குக் கட்டுச்சோறாகவாவது போகும்.

அவளிடமும் ஒன்று கேட்டிருக்கிறோம், சம்மதித்திருக்கிறாள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது இந்தச் சங்கக் கட்டிடத்தில் இரண்டு மணி நேரம் உட்காருவாள். வாரியத்திலிருந்து வந்த கடிதம், கலெக்டர் ஆபீஸ் பதில், எந்தத் தாளாக இருந்தாலும் கொண்டுவந்து காட்டலாம். கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் எண்ணெய்ப் பாட்டிலில் கொண்டுவராதீர்கள். புது பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி, நிரப்பி, தேதியும் நேரமும் கிணற்றுக்காரர் பேரும் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள். இதை அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

நோட்டுப் புத்தகம் வாசல் பக்கத்திலிருந்து வரட்டும். கடைசி பஸ் ஒன்பதே காலுக்கு. வயல் பக்கத்துத் தாய்மார்கள் முதலில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.